கீழாநெல்லி: அந்த 59 சதவீதம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: என் கணவருக்கு வயது 43. ரத்த தானம் செய்யப் போன இடத்தில்தான் அவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. இரண்டு வருடமாக அரசு மருத்துவமனையில் கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரையைத் தினம் ஒன்று சாப்பிடுகிறார். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. நாங்கள் 30 சென்டில் கீழாநெல்லி போட்டிருக்கிறோம். அதை வாங்கிப் போகும் வியாபாரி ஒரு நோட்டீஸ் கொடுத்தார். கீழாநெல்லி சாப்பிட்ட 100 பேரில் 59 பேருக்கு இந்த நோய் ஒரே மாதத்தில் போய்விட்டது, சென்னையில் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தது என்று அதில் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு நம் வயலில் விளைவதையே சாப்பிடலாமே என்கிறார் என் மாமனார். இதற்கு நடுவில் மருத்துவமனையில், புதிய ஊசி மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், சேருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். சோதனை என்றாலே பயமாக இருக்கிறது. என்ன செய்வது? பெயரைப் போட வேண்டாம்.
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சகோதரி, முதல் வேலையாக ஒன்று. இந்த இதழ் கைக்கு வந்த அன்றும் உங்கள் கணவர் மாத்திரையைச் சாப்பிட்டிருக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. காரணம் கீழே இருக்கிறது. நான் மருத்துவன் இல்லை, வேளாண்மை படித்தவன். ஆனால் உங்கள் கேள்வியில் பாதி, ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது. பாத்தி பிரித்துப் பார்த்துச் சொல்வது எங்கள் தொழில் என்பதால் அந்தப் பாதிக்கு நான் பதில் சொல்லலாம்.

நோட்டீசில் இருக்கும் கணக்கு பொய்யில்லை. அதன் பாதியைத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த பரூக் புளூம்பெர்க். அதற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கினார். அவரோடு ஃபிலடெல்ஃபியாவில் வேலை பார்த்த வெங்கடேஸ்வரன், நம் நாட்டு மருத்துவத்தில் காமாலைக்குக் கொடுக்கும் செடிகளைச் சோதித்தபோது கீழாநெல்லிச் சாறு இந்த வைரஸுக்கு எதிராக வேலை செய்வதைச் சோதனைக்குழாயில் பார்த்தார்கள். இதே மாதிரி வைரஸ் பிடிக்கிற வுட்சக் என்ற கொறிக்கும் பிராணி அங்கே உண்டு. அதற்கும் கொடுத்துப் பார்த்து 1987-ல் வெளியிட்டார்கள். அடுத்தது மனிதர்களிடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் அதைச் செய்தார்கள். (பின்னாளில் அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரும் ஆனார்.) செடியைக் காயவைத்துப் பொடித்து, 200 மில்லிகிராம் காப்ஸ்யூலாக நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்றுக் காப்ஸ்யூல். மருந்து முடிந்து 15 முதல் 20 நாளில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் காணவில்லை. அதுதான் 59 சதவீதம். வெற்றுக் காப்ஸ்யூல் சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டும் காணவில்லை. 1988 அக்டோபரில் லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வந்தது. நம் வரப்போரத்துச் செடி அந்த இதழில் ஏறியது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தக் கட்டுரையிலேயே, இது ஆரம்பநிலை ஆய்வு என்று எழுதியிருக்கிறார்கள். வியாபாரியின் நோட்டீசில் அந்த வரி இல்லை.

ஆரம்பநிலை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு புது நெல் ரகம் ஆராய்ச்சி நிலையத்தில் ஏக்கருக்கு 40 மூட்டை கொடுத்துவிட்டது என்று உடனே விதை கொடுத்துவிடுகிறோமா? பல ஊர்ச் சோதனை வைக்கிறோம். அது தேறினால் விவசாயிகளின் வயலில் அனுசரணை ஆராய்ச்சித் திடல் போடுகிறோம். களிமண், செம்மண், கடைமடை, கிணற்றுப் பாசனம் எல்லாவற்றிலும் தேறிய பிறகுதான் வெளியீடு. ஓர் இடத்தில் ஜெயித்துப் பத்து இடத்தில் தோற்ற ரகங்களைப் பட்டியல் போட்டால் இந்த இதழ் பத்தாது.

கீழாநெல்லிக்கும் அப்படித்தான் பல ஊர்ச் சோதனை நடந்தது. தாய்லாந்தில் இதே செடியைக் கொடுத்துப் பார்த்து, வைரஸ் போகவில்லை என்று 1990-ல் அதே 'லான்செட்'டில் எழுதினார்கள். நியூசிலாந்தில் பார்த்தார்கள், அங்கும் போகவில்லை. சீனாவில் கீழாநெல்லிக் குடும்பத்தின் பல இனங்களை வைத்து நிறையச் சோதனைகள் நடந்தன. இப்படிப்பட்ட சோதனைகளை எல்லாம் ஒன்றாக எடுத்து வடிகட்டிப் பார்க்கிற காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2011-ல் சொன்ன முடிவு: நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்கு இந்தச் செடிகள் வெற்று மருந்தைவிட மேல் என்று நம்புவதற்குப் போதுமான ஆதாரம் இல்லை.

அப்படியானால் சென்னையில் மட்டும் 22 பேருக்கு எப்படிப் போயிற்று? ஒரே காரணத்தை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. எண்ணிக்கை சிறியது. ஒரு பக்கம் 37, மறுபக்கம் 23 என்று சமமில்லாமலும் இருந்தது. செடி எங்கே, எந்தப் பருவத்தில் பறித்தது என்பதைப் பொறுத்து அதில் உள்ள சத்து மாறும். இது உங்களுக்கே தெரியும். இனமும் ஒரு குழப்பம். நம் ஊர்க் கீழாநெல்லிக்கு நெடுங்காலம் புத்தகத்தில் ஒரு இனப்பெயரும், உண்மையில் வேறு இனமுமாக இருந்தது. 1987 கட்டுரையில் ஒரு பெயர், 1988 கட்டுரையில் இன்னொரு பெயர்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், மாமனார் ஏன் நம்புகிறார் என்பது. அவர் கண்ணால் பார்த்திருப்பார். காமாலை வந்து கண் மஞ்சளானவருக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைத்து, மூன்று வாரத்தில் எழுந்து நடந்ததைப் பார்த்திருப்பார். பொய் சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ. அவை எதுவுமே கொடுக்காவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். ஹெபடைட்டிஸ் பி-கூட, வளர்ந்த ஆளுக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். எது கொடுத்திருந்தாலும் பேர் அதற்குத்தான் போயிருக்கும். மழை பெய்த மறுநாள் தெளித்த வளர்ச்சி ஊக்கிக்குக் கிடைக்கிற பேர் மாதிரி.

உங்கள் கணவருக்கு இருப்பது அதுவல்ல. ஆறு மாதத்துக்கு மேல் ரத்தத்தில் தங்கிவிட்டால் அது நாட்பட்ட தொற்று. பெரும்பாலும் பிறக்கும்போதோ குழந்தையாக இருந்தபோதோ வந்ததாக இருக்கும். கைக்குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்குத் தங்கிவிடும். தங்கியது தானாகப் போவது வருடத்துக்கு நூறு பேரில் ஒருவருக்கு நடந்தால் அதிகம். கண் மஞ்சளாகாது, பசி கெடாது. உள்ளே கல்லீரல் மட்டும் இருபது முப்பது வருடம் சிறிது சிறிதாகக் கெட்டு, சிலருக்குச் சுருங்கிப் போகும், சிலருக்குப் புற்றுநோயில் முடியும். தொந்தரவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயில் அது நல்ல சேதி ஆகாது, கெட்ட சேதியும் ஆகாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்றால், கோரையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே களைக்கொல்லி அடித்தால் வயல் சுத்தமாகத் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். இந்த வைரஸும் கல்லீரல் அணுவின் உட்கருவுக்குள் தன் கிழங்கைப் போட்டுவைத்திருக்கிறது. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் அது முளைத்துப் பெருகுவதைத் தடுக்கின்றன. கிழங்கைத் தொடுவதில்லை. நிறுத்தினால் சில வாரத்திலோ மாதத்திலோ வைரஸ் மறுபடி பொங்கும். அதை எதிர்த்து உடம்பு கிளம்பும்போது கல்லீரலே அடிபட்டு, சிலருக்கு உயிருக்கு ஆபத்தாகப் போய்விடுகிறது. சில நோயாளிகளுக்கு மருத்துவர்களே கணக்குப் பார்த்து நிறுத்துவதுண்டு. அப்போது அடிக்கடி ரத்தம் எடுத்துக் கண்காணிப்பார்கள். நோட்டீசைப் பார்த்து நிறுத்துவது அந்தக் கணக்கில் சேராது.

மாத்திரையோடு கூடவே கீழாநெல்லியும் சாப்பிடட்டுமா என்று அடுத்த கேள்வி வரும். எதைச் சாப்பிட்டாலும் அந்த மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். மறைக்காதீர்கள். கல்லீரல் என்சைம் ஏறினால் எதனால் ஏறியது என்று அவர் தேட வேண்டியிருக்கும்.

இனி அந்தப் புதிய ஊசி. எந்த மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவாகவே சொல்கிறேன். சோதனை என்ற சொல்லுக்கு நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1993-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையத்தில் இதே நோய்க்கு ஃபியாலுரிடின் என்ற மாத்திரையை 15 பேரிடம் சோதித்தார்கள். எலி, நாய், குரங்கு எல்லாவற்றிலும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். நான்கு வாரச் சோதனையில் வைரஸ் நன்றாக இறங்கியிருந்தது. நீண்ட நாள் கொடுத்தபோது மூன்றாவது மாத வாக்கில் 7 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. 5 பேர் இறந்தார்கள். 2 பேர் கல்லீரல் மாற்று அறுவை செய்ததால் பிழைத்தார்கள். மருந்தை நிறுத்திய பின்னும் உள்ளே விஷம் வேலை செய்துகொண்டே இருந்தது. புதிய மருந்துகளை முதலில் கொஞ்சம் பேருக்கு, அதிகக் கண்காணிப்போடு, மெதுவாகக் கொடுப்பது இதனால்தான். அந்தப் 15 பேரோடு நின்றதே 1,500 பேருக்குப் போகாமல் தடுத்தது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். உங்கள் கணவர் இன்று சாப்பிடும் டெனோஃபோவிரும் யாரோ சில ஆயிரம் பேர் சோதனையில் சேர்ந்ததால் வந்ததுதான். ஹெபடைட்டிஸ் சி-க்கு ஒரு காலத்தில் மாதக்கணக்கில் ஊசி. இன்று சோஃபோஸ்புவிர், டக்ளாடாஸ்விர் மாத்திரைகள் 12 வாரம் சாப்பிட்டால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குப் பக்கம் முழுதாகக் குணம். அதுவும் சோதனைகள் வழியாக வந்ததே.

கிழங்கையே குறிவைக்கிற மருந்துகளும், அது முளைவிடும் செய்தியை நடுவழியில் மறிக்கிற மருந்துகளும் ஹெபடைட்டிஸ் பி-க்கு இப்போது சோதனையில் இருக்கின்றன. இரண்டாவது வகையில் ஒன்று பெபிரோவிர்சென். வாரம் ஒரு ஊசி. 457 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2022-ல் வந்தது. 24 வாரம் முழு அளவில் ஊசி போட்டு, பிறகு ஊசியை நிறுத்தி, இன்னொரு 24 வாரம் காத்திருந்து பார்த்தார்கள். வைரஸ் திரும்பி வராமல் இருந்தவர்கள், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் 9 சதவீதம், சாப்பிடாதவர்களில் 10 சதவீதம். அதற்கே உலகம் முழுக்கக் கல்லீரல் மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்றாம் கட்டச் சோதனைக்குப் போனார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து, ஆறு மாதம் ஊசி போட்டு, ஆறு மாதம் காத்திருந்து கிடைத்தது நூற்றில் பத்து. வியாபாரியின் நோட்டீசில் ஒரே மாதத்தில் நூற்றில் 59. இரண்டையும் பக்கத்தில் வைத்து மாமனாரிடம் காட்டுங்கள். எனக்கு அந்தப் பத்துமேல்தான் நம்பிக்கை.

ஒரு செய்தி அவருக்குப் பிடிக்கலாம். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மருந்து என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்கும் முறை வயலில் வளர்ந்தது. இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1919-ல் வேலைக்குப் போன ரொனால்ட் ஃபிஷர், ஆராய்ச்சி செய்கிறவர் தனக்குப் பிடித்த பாத்திக்கு உரம் போட்டால் கணக்கு கெட்டுவிடும், குலுக்கிப் போட்டுத்தான் பாத்தியைத் தேர வேண்டும் என்று நிலைநாட்டினார். கிணற்றோரப் பாத்திக்குப் புது உரத்தைப் போட்டுவிட்டு, மேட்டுப் பாத்தியோடு ஒப்பிட்டு விளைச்சல் கூடிற்று என்று சொல்பவரை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். அந்தக் குலுக்கல் 1948-ல் வெளியான காசநோய் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை வழியாக மருத்துவத்தில் நிலைபெற்றது.

குலுக்கலில் உங்கள் கணவருக்கு வெற்று ஊசி விழலாம். அதைச் சொல்லித்தான் சேர்க்க வேண்டும். அப்போதும் இப்போதைய மாத்திரை தொடருமா, நிறுத்தச் சொல்வார்களா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நிறுத்தச் சொன்னால் எந்த நிலையில் மறுபடி தொடங்குவார்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை ரத்தம் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். எத்தனையாவது கட்டச் சோதனை, இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன பக்கவிளைவு வந்தது என்பதும் தெரிய வேண்டும். 2009 ஜூன் முதல் நம் நாட்டில் மருந்துச் சோதனைகளைக் கிளினிக்கல் ட்ரையல்ஸ் ரெஜிஸ்ட்ரி பதிவேட்டில் பதிவது கட்டாயம். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, படித்த பிள்ளைகள் யாரையாவது இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எண் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துக் கேட்டுவிட்டுப் போடலாம். கையெழுத்தான படிவத்தின் நகல் உங்களுக்குத் தர வேண்டும். சோதனை மருந்தால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019-ல் வந்த புதிய மருந்துகள் விதிகளில் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகினாலும், சேராவிட்டாலும், இப்போது கிடைக்கும் இலவச மாத்திரை நிற்கக் கூடாது. 28.7.2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது உங்கள் உரிமை. (அந்த ஜூலை 28 புளூம்பெர்க் பிறந்த நாள்.) இத்தனைக்கும் பதில் திருப்தியாக இருந்தால் சேருவதில் தவறில்லை என்பது என் எண்ணம். முடிவு அவருடையது. மாமனாருடையதுமல்ல, என்னுடையதுமல்ல.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்தாயிற்றா? இது தட்டு, டம்ளர், ஒன்றாகச் சாப்பிடுவதால் பரவுவதில்லை. ரத்தத்தால், உடலுறவால், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும். சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ் தனித்தனியாக இருக்கட்டும். தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். அவர் சாராயத்தைத் தொடக் கூடாது. இன்னொன்று எங்கள் துறை சார்ந்தது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் இருக்கும் அஃப்ளாடாக்சின் விஷம் ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. விற்காத சொத்தைக் கடலையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. உங்கள் வீட்டில் அது வேண்டாம்.

கடைசியாக அந்த 30 சென்ட். கீழாநெல்லியைப் பிடுங்கிப் போடச் சொல்ல மாட்டேன். சித்த, ஆயுர்வேத மருந்துக்கு அதற்கு நல்ல தேவை இருக்கிறது. விதை பொடி மணல் போல இருப்பதால் மணலோடு கலந்து மேலாகத் தூவி நாற்று விடுங்கள். 80 முதல் 100 நாளுக்குள், இலை பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். மஞ்சளானால் இலை கொட்டி எடை போகும். நிழலில் உலர்த்துங்கள். தண்டு சிவந்து, காம்பில்லாமல் சொரசொரவென்று காய் ஒட்டியிருக்கும் செடி வேறு இனம், அதைக் களையோடு எடுத்துவிடுங்கள். கீழாநெல்லியின் காய் வழவழப்பாக, சிறு காம்போடு தொங்கும். கலப்படம் இருந்தால் நல்ல கம்பெனிகள் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடும்.

நீங்களே பொடியாக்கி விற்கும் யோசனை இருந்தால், உறையில் காமாலை தீரும், கல்லீரல் நோய் குணமாகும் என்று அச்சடிக்காதீர்கள். மருந்துச் சட்ட விதிகளின் 'ஜே' அட்டவணையில் காமாலையும் கல்லீரல் நோய்களும் இருக்கின்றன. அவற்றைக் குணப்படுத்தும் என்று சொல்லி மருந்து விற்க அனுமதி இல்லை. வியாபாரி அடுத்த முறை நோட்டீஸ் கட்டோடு வந்தால் செடிக்கு மட்டும் விலை பேசி அனுப்புங்கள்.